விடுபட்ட ஒற்று

அப்புத்தளை ஸ்டேசனுக்கு மேலே
நாலு அறை விடுதி. மூன்றில் ஆளில்லை.
நாலாவதில் லுவோ யின்ஷு, வயது இருபத்தாறு,
சாங்ஷாவுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர்,
வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.
பனி விலகினால் கடல் வரை தெரியும் என்றேன்.
எழுந்து வரவில்லை.
ஈரச் சுவரில் சாய்ந்து போனில்
பழைய வீடியோ பார்க்கிறாள்.

எனக்கும் காட்டினாள்.
நீலக் கண்ணாடி ஜன்னல் வைத்த மாடி வீடுகள்,
குளியலறை போல வெள்ளை டைல்ஸ் ஒட்டிய கடைத்தெரு,
புதிதாய்த் திறந்த சூப்பர்மார்க்கெட் வாசலில்
காற்றடைத்த சிவப்பு வளைவு,
அதன் கீழே வெயில்.
வேறொன்றுமில்லை.

இதில் என்ன இருக்கிறது என்றேன்.
போனுக்குச் சொன்னாள், போன் எனக்குச் சொன்னது:
"அப்போது வருடத்துக்கு ஒரு சாவி
அப்பா கொண்டு வருவார்."
மோட்டார் சைக்கிள் சாவி, கடைச் சாவி, கார்ச் சாவி.
கடைசிச் சாவி வரவேயில்லை.
கட்டி முடிக்காத பதினெட்டாம் மாடிக்கு
இன்னும் மாதாமாதம் பணம் கட்டுகிறார்.

சமையலறையில் அவள் கண்ணில் பட்டது
பூப்போட்ட சிவப்பு பிளாஸ்க்.
மேல்கணக்கு லயத்தில் நான் சின்னப் பிள்ளையாய் இருக்கையில்
பத்து மாதத் தவணைக்கு அம்மா வாங்கியது.
மூடியைத் திறந்ததும் வந்த புது பிளாஸ்டிக் வாசம்,
எங்களுக்கு அதுதான் வெளிநாடு.
"எங்கள் வீட்டிலும்" என்று திருகி மோந்து பார்த்தாள்.
உள்ளே சாயத்தண்ணி வாசம்தான்.

அவள் ஊர் ஓடிய ஓட்டத்தில் சிந்தியதெல்லாம்
எங்கள் பக்கம் உருண்டு வந்தது.
டோர்ச், குடை, சாமி படத்துக்கு மினுங்கும் பல்ப்,
கடைசியில் ஒரு கிரேன்.

கொழும்பில், கடலோரத்தில், அவள் நாட்டுக் கொம்பனி.
முப்பத்தோராவது மாடியில் நான் கம்பி கட்டினேன்.
கேட்ட அளவு ஓவர்டைம்.
சனி இரவு அம்மாவுக்குப் போன் எடுத்து
அடுத்த வருசம் த்ரீவீல் என்பேன்.
அதற்கடுத்த வருசம் ஏழு பேர்ச் காணி,
லயத்துக்கு முதுகு காட்டி ஒரு வாசல்.
சந்தோசமாக இருந்தேனா? இல்லை.
விரலிடுக்கில் சிமெண்ட் புண்,
நாற்பது பேருக்கு ஒரு பைப்.
லிஃப்ட் குழியில் விழுந்த செபமாலைக்காக
ஒரு நாள் வேலை நிறுத்தினார்கள்,
அந்த நாள் சம்பளத்தையும் வெட்டினார்கள்.
ஆனாலும் அடுத்த வருசம் என்று சொன்னால்
அம்மா மறுமுனையில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.
அவ்வளவு பாரம் இருந்தது அந்தச் சொல்லில்.

பிறகு பெட்ரோல் க்யூ, பால்மா க்யூ, பாஸ்போர்ட் க்யூ.
கிரேன் மட்டும் அங்கேயே நின்றது
கொக்கியில் ஒன்றுமில்லாமல்.

இரவு மழைக்குக் கரண்ட் போனது.
மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கமிருந்து
நீளமாக ஏதோ போனுக்குச் சொன்னாள்.
திரையில் ஒரு வரிதான் வந்தது:
"நான் பழைய நாளை தேடுகிறேன்."

ஒரு த் குறைகிறது.
இதற்குத்தான் புஷ்பமலர் டீச்சர்
விரல் மொழியில் அடிப்பார்.
போட்டால், போய்விட்ட ஒரு நாள்.
போடாவிட்டால் நாளை.
வராமலே பழசான நாளை,
பெட்டி பிரிக்காமல், விலைச்சீட்டு கிழிக்காமல்
அலுமாரி மேலே நிறம் மங்கியது.

எது என்று கேட்டிருக்கலாம்.
கேட்டால் அதையும் போன் தன் இஷ்டத்துக்குச் சொல்லும்.

காலையில் கோச்சி ஒரு மணித்தியாலம் லேட்.
பிளாட்பாரத்தில் கேட்டாள்:
"நீ எந்த வருடத்துக்குத் திரும்பிப் போவாய்?"
அவளுக்கென்ன, ஒரு முழுப் பிள்ளைப்பருவம் கையிருப்பு.
எனக்கு ஒன்றரை வருசம்,
அதிலும் மழைநாள் கழித்து.

முப்பத்தோராவது மாடி என்றேன்.
செபமாலை விழுவதற்கு முந்தின சனிக்கிழமை.

போன் என்ன சொன்னதோ,
அவள் ரொம்ப நேரம் தண்டவாளத்தையே பார்த்தாள்.
அறை வாடகையில் இருநூறு ரூபாய்
மீதி கொடுக்க வேண்டியிருந்தது.
சில்லறை தேடுவதற்குள் கோச்சி வந்துவிட்டது.